பூட்டன் பத்திரமும் ஆச்சி சொன்ன பேரும்: குடும்ப வரலாறு கேள்வி-பதில்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய்வந்த கையோடு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சொக்காரர்கள் (பங்காளிகள்) எல்லாம் ஒன்றுகூடிப் பொங்கல் வைக்கிற நாளில்தான் பூட்டன் பேச்சு வரும். காத்திருக்க முடியாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு வயது 88. வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. ஸ்கேனர் வாங்கிவிட்டுத் தொடங்கலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

வேண்டாம். ஸ்கேனர் பிறகு வரட்டும். படங்களுக்குப் பின்பக்கம், ஓரமாக, பென்சிலால் லேசாக 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, படத்தைக் காட்டும்போது எண்ணை நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். “பதினேழு. இது யாரு ஆச்சி?” பிறகு குறுக்கே பேசாதீர்கள். “இது சிவகாமி மதினி, கொழும்புல இருந்து வந்தப்போ எடுத்தது” என்று ஆச்சி தொடங்கினால் நாலு தலைமுறைக் கதை தானாக வரும். படம் எப்படியும் பெட்டியில் இருக்கும். அதில் நிற்பவர் யார் என்பது ஆச்சியிடம் மட்டும்தான் இருக்கிறது. பிறகு ஸ்கேன் செய்யும்போது அதே எண்ணை ஃபைல் பெயரிலும் போடுங்கள். ஆச்சி சொன்னதை ஒரு நோட்பேட் ஃபைலில் தட்டி, படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். இசக்கிமுத்து என்றே மூன்று பேர். ஃபைல்களைப் பிரிக்க முடியவில்லை.
- வாசகர், அம்பாசமுத்திரம்

ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். வம்சாவளி எழுதுகிறவர்கள் 400 ஆண்டுகளுக்கு மேலாகக் கையாளும் முறை இது. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பாவைப் பெற்ற தாத்தா 4, ஆச்சி 5. அம்மாவைப் பெற்றவர்கள் 6, 7. பெரியப்பா, அத்தைக்கெல்லாம் 2அ, 2ஆ என்று போகலாம்.

நம் பக்கத்தில் இதில் ஒரு முடிச்சு விழும். உங்கள் அப்பா அக்காள் மகளைக் கட்டியவர் என்று வையுங்கள். அப்போது அப்பாவைப் பெற்றவர்கள்தான் அம்மாவின் அம்மாவையும் பெற்றவர்கள். 4-ம் 14-ம் ஒரே ஆள், 5-ம் 15-ம் ஒரே ஆள். கணக்கு தப்பவில்லை, பதற வேண்டாம். ஃபைலுக்குச் சிறிய எண்ணை வைத்துக்கொண்டு, ‘இவரே 14’ என்று குறிப்பில் எழுதுங்கள்.

ஃபைலுக்கு ‘1962-05_004_இசக்கிமுத்து_கல்யாணம்’ என்பது போலப் பெயர் வையுங்கள்; 004 என்பது ஆளின் எண். ஆண்டும் மாதமும் முன்னால் இருந்தால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடும். மாதம் தெரியாவிட்டால் 00. ஊகித்து எழுதாதீர்கள், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பழைய பத்திரத்தில் ‘கொல்லம் 1075 ஆவணி’ என்று இருக்கிறது. ஊர் திருநெல்வேலி ஜில்லா என்கிறது. இப்போது நாங்கள் தென்காசி மாவட்டம். எதைப் போடுவது?
- வாசகர், கடையநல்லூர்

கொல்லம் என்பது மலையாள ஆண்டுக் கணக்கு; அது ஆவணியில் பிறக்கிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. உங்கள் பத்திரம் 1899 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். ஃபைல் பெயரில் இங்கிலீஷ் ஆண்டு, குறிப்பில் பத்திரத்தில் உள்ளபடியே கொல்லம் ஆண்டு. வேறு பத்திரத்தில் ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால், தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அது 1889-90 ஆகவும் இருக்கலாம், 1949-50 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளைப் பாருங்கள்; விக்டோரியா ராணி தலை இருந்தால் முந்தியதுதான்.

ஊரையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதி, இன்றைய மாவட்டத்தைப் பக்கத்தில் சேருங்கள். தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது, தென்காசி 2019-ல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் காகிதம் மலையாளத்தில் இருந்தால் திகைக்க வேண்டாம். பத்திரத்தின் பின்பக்க முத்திரையையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். காகிதத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேனர் அளவு) போதும், சின்னப் படங்களுக்கு 600.

எல்லாம் ஒரே பென்டிரைவில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. போதுமா?
- வாசகி, ஸ்ரீவைகுண்டம்

போதாது அம்மா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அன்றைக்கு நனைந்த பீரோக்களில் கல்யாண ஆல்பங்களும் இருந்தன. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தங்கச்சி வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று என மூன்று பிரதி வேண்டும். பென்டிரைவ் கைமாற்றுவதற்கு மட்டும்தான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது அழியக்கூடும். ஹார்ட் டிஸ்க்கையும் தீபாவளிக்கும் சித்திரை விசுவுக்கும் ஒருமுறை செருகி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டது.
- வாசகர், மேலப்பாளையம்

பிய்க்காதீர்கள், படத்தின் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்களைச் சேமித்தால் போதாதா?
- வாசகி, பாளையங்கோட்டை

படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆதார், பட்டா நகல்களைக் குழுவில் போடவே வேண்டாம். அவற்றுக்குத் தனி ஃபோல்டர், பாஸ்வேர்டோடு.

அப்பா 2003-ல் தட்டச்சு செய்த வம்சாவளி, திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்துகளாகத் தெரிகிறது.
- வாசகர், சங்கரன்கோவில்

அழித்துவிடாதீர்கள், உள்ளே தமிழ்தான் இருக்கிறது. அநேகமாகப் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்திருப்பார். அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்க வரும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு மென்பொருளால், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றியதை அப்பாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்; ஊர்ப்பெயர்களில் எழுத்து மாறியிருந்தால் அவர்தான் பிடிப்பார். மூல ஃபைலும் அப்படியே இருக்கட்டும்.