எழுத்து படிக்கிறாள், விளக்கு மட்டும் ஏன் இரண்டு?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. இடது கண் சோம்பேறிக் கண் (பார்வை சரியாக வளராத கண்) என்று கண்ணாடி கொடுத்து, வலது கண்ணை மூட தினமும் பேட்ச் போடச் சொன்னார்கள். இப்போது இடது கண்ணால் 6/9 வரிசை வரை படிக்கிறாள். ஆனால் சென்ற முறை கோவையில் சிவப்பு-பச்சைக் கண்ணாடி மாட்டி தூரத்து விளக்கைக் காட்டியபோது "ரெண்டு சிவப்பு" என்றாள். கிட்டத்தில் காட்டினால் நான்கு என்கிறாள். பேட்சை நிறுத்தலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நல்லவேளை, எண்ணிக்கையோடு நிறத்தையும் சொல்லியிருக்கிறாள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அவளுக்குக் காட்டிய விளக்கு ஒரு டார்ச். அதில் ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு வெள்ளை என நான்கு வட்டங்கள். இரு கண்ணும் சேர்ந்து பார்த்தால் நான்கும் தெரியும். வழக்கமாகச் சிவப்புக் கண்ணாடி வலது கண்ணுக்கு வரும். அதன் வழியே பச்சை தெரியாது. சிவப்பும், சிவப்பாகிவிட்ட வெள்ளையும்தான் தெரியும். ஆக, பார்த்தது வலது கண் மட்டுமே. இடது கண் அனுப்பியதை மூளை ஒதுக்கிவிட்டது. இதுதான் சப்ரெஷன். வலது கண்ணை மூடிவிட்டு எழுத்து படிக்கச் சொன்னால் இது பிடிபடாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதுதான் இடது கண் பின்வாங்குகிறது.

சரி, கிட்டத்தில் மட்டும் எப்படி நான்கு? 6 மீட்டரில் அந்த வட்டங்கள் பார்வையின் நடுவில் சுமார் ஒன்றேகால் டிகிரிக்குள் அடங்கிவிடும். 33 செ.மீ.யில் ஏறக்குறைய 6 டிகிரிக்குப் பரவும். அப்படியானால் உங்கள் மகளின் மூளை மறைப்பது நடுவிலுள்ள சிறு இடத்தை மட்டும்தான் போலிருக்கிறது. டார்ச்சை மெல்லப் பின்னால் கொண்டுபோய், எந்த தூரத்தில் நான்கு இரண்டாகிறது என்று குறித்தால் அந்த இடத்தின் அகலம் ஓரளவு கிடைத்துவிடும்.

மறைப்பு எவ்வளவு அழுத்தமானது என்பது வேறு கணக்கு. அதற்கு ஸ்பிஸா பார் என்று ஒரு பட்டை உண்டு. படிப்படியாக அடர்த்தி கூடும் சிவப்பு வடிகட்டிகள் அதில் இருக்கும். நல்ல கண்ணுக்கு முன் ஒவ்வொன்றாக நகர்த்தி, எந்தப் படியில் ஒரே விளக்கு இரண்டாகத் தெரிகிறது, அதாவது ஒதுங்கிய கண்ணும் பார்க்கத் தொடங்குகிறது என்று பார்ப்போம். வெளிர் வடிகட்டியிலேயே தெரிந்தால் மறைப்பு லேசானது.

ஒன்று கவனியுங்கள். மலையிறங்கி, வளைவுகளில் வாந்தியெடுத்து, சோர்ந்து வந்த குழந்தையை உடனே இந்தச் சோதனைக்கு உட்காரவைத்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். சாப்பிட வைத்து, சற்று ஓய்வுக்குப் பின் காட்டுங்கள். அறை வெளிச்சமும் முக்கியம். இருட்டறையில் இரு கண்ணும் சேர்வது கடினம், அதனால் முடிவு மோசமாகத் தெரியலாம். "நாலு தெரியுதா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

பேட்சை இப்போது நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் வந்த பார்வை மீண்டும் குறையலாம். அடுத்த முறை ஸ்பிஸா அளவும், இரு கண்ணும் சேர்ந்து ஆழம் உணரும் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதையும் வைத்து பேட்ச் நேரத்தைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அப்புறம், செல்போனில் வரும் சிவப்பு-பச்சை விளையாட்டுகளை அவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரு கண்ணும் சரியாகச் சேராத நிலையில் மறைப்பை மட்டும் உடைத்தால், சிலருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு.