கடன் கொத்தடிமை என்றால் என்ன? மாதச் சம்பளம் வாங்குபவரை அப்படிச் சொல்லலாமா?

சொல்லலாம். வேலைக்கு வர வாங்கிய கடனாலேயே வேலையை விட முடியாமல் போவதுதான் அது. இங்கே மொரீஷியஸில் தையல் ஆலைக்கு வங்கதேசத்திலிருந்து வருகிறவர் பல நேரம் ஊர் நிலத்தை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கட்டியிருப்பார். வேலை அனுமதியோ ஒரே முதலாளியோடு கட்டியது, அதனால் ஓவர்டைம் காசு வரவில்லை என்று வாய் திறந்தால் வேலையோடு அனுமதியும் போகும், அடகு மட்டும் அப்படியே நிற்கும். ஒரே மளிகைக் கடையில் பாக்கி வைத்தவர் கடைக்காரர் சொன்ன விலைக்குத்தானே அரிசி வாங்கியாக வேண்டும், அது மாதிரி. இங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த நம் பாட்டன்மார் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளிகள் இரண்டு நாள் கூலி பிடித்தார்கள், நமக்கு இது புரியாதா? ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு. அப்புறம், "கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்" என்பார்கள். ஆனால் சுரண்டுவதற்காகப் பொய் சொல்லி வாங்கிய சம்மதம் செல்லாது என்று ஐ.நா.வின் ஆள்கடத்தல் தடுப்பு உடன்படிக்கையே சொல்கிறது.