நீர் மாத்திரையும் பயிற்சியாளரும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்தவன். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு நான்கு ஆண்டுகளாக ஓர் இளைஞர் பயிற்சி அளித்து வந்தார். வயது 26. யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. பையன்கள் வருவதற்கு முன்பே வந்து, மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணியைச் சேர்த்தவர் அவர்தான்.

சென்ற ஆண்டு 55 கிலோ எடைப் பிரிவுப் போட்டி ஒன்றுக்குப் போனபோது, எடை கூடியிருந்த மூன்று பையன்களுக்கு, சிறுநீரை அதிகமாகப் போகவைத்து எடையைச் சட்டென்று குறைக்கும் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார். மூவரும் எடையில் தேறிவிட்டார்கள். ஆனால் இடது கார்னரில் நிற்கும் பையன், பதினோராம் வகுப்பு படிப்பவன், முதல் ஆட்டத்திலேயே மயங்கி விழுந்தான். மருத்துவமனையில், "காலையிலிருந்து சாப்பிடவில்லை, வெயில் மயக்கம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பையன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்ன பிறகே மருத்துவருக்கு மாத்திரை விஷயம் தெரிந்தது. விழுந்தவன் நான்கு நாள் கழித்து வீடு திரும்பினான். பெரியவர்கள் கூடி, பயிற்சியாளர் இனி மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அவர் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்தாலும் வெளியே தலை காட்டுவதில்லை.

ஓராண்டாக மைதானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அவரை மீண்டும் அழைத்து வரவேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். என் அண்ணன் மகனும் அந்த அணியில் இருப்பதால் என் கருத்தையும் கேட்கிறார்கள். இதே வகை மாத்திரைக்காகத் தடை செய்யப்பட்ட ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னே திரும்பி வந்து கோப்பையே வாங்கினாரே! அவருக்குக் கிடைத்த மறுவாய்ப்பு எங்கள் ஊர்ப் பையனுக்குக் கிடைக்கக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வார்னேயை நீங்கள் இழுத்து வந்தது நல்லதாயிற்று; அவரை வைத்தே பேசலாம். 2003 உலகக் கோப்பை தொடங்கும் தறுவாயில் அவருடைய சிறுநீரில் நீர் பிரியும் மருந்து இருப்பது தெரிந்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மாத்திரையைத் தன் தாயார் கொடுத்ததாக அவர் சொன்னார். தடை 12 மாதம். 2004 மார்ச்சில் இலங்கையின் காலே மைதானத்தில் தன் 500ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். 2008இல் முதல் ஐபிஎல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணிக்கு அவரே தலைவர், அவரே பயிற்சியாளர். இவை எல்லாம் உண்மை. ஆனால் வார்னே அந்த மாத்திரையைத் தானே விழுங்கினார். அதனால் வரக்கூடிய கேடும் அவர் உடம்புக்கே, கிடைத்த தண்டனையும் அவருக்கே. உங்கள் பயிற்சியாளர் விழுங்கவில்லை. தன்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டு, அவர் சொன்னால் கிணற்றில்கூடக் குதிக்கக்கூடிய ஒரு பள்ளிக்கூடப் பையனின் உள்ளங்கையில் அதை வைத்தார். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

ஊக்கமருந்து விதிகளும் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. தடை செய்யப்பட்ட மருந்தை ஒரு வீரருக்குக் கொடுத்த குற்றத்துக்குத் தடை பொதுவாக 4 ஆண்டில் தொடங்கி ஆயுள்தடை வரை போகும்; வாங்கியவர் சிறுவர் என்றால் அது மிகக் கடுமையான குற்றமாகக் கருதப்படும். உங்கள் ஊர்ப் போட்டிக்குச் சோதனை செய்ய யாரும் வரவில்லை என்பதால்தான் ஓராண்டு என்பது உங்களுக்கு நீண்ட காலமாகத் தெரிகிறது.

ஆனாலும் மாத்திரை கொடுத்ததைவிட என்னை அதிகமாக உறுத்துவது, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்துபோகும் அந்த இரண்டு மணி நேரம். எடை குறைப்பது என்றால் எப்படி என்பதை நானும் பார்த்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த அரூர்ப் பையன் ஒருவன், யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து உடம்பில் சுற்றி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடுவான். வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருப்பான். நாங்கள் அதை வீரம் என்று நினைத்துக் கைதட்டினோம். 1997இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஏறத்தாழ ஐந்து வாரத்துக்குள் இப்படியே வியர்வை சிந்தி எடை குறைக்கப் போய் இறந்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராமுக்காக வெளியேற்றப்பட்டபோது, இரவெல்லாம் ஓடியும் முடியை வெட்டியும் எடை குறைக்கப் பார்த்தார்கள் என்ற செய்தியை நாம் எல்லோரும் பரிதாபத்தோடு படித்தோமே தவிர, அந்தப் பழக்கம் நம் ஊர் வரை வந்துவிட்டது என்று யோசிக்கவில்லை. இந்தச் சூழலில் ஆடி வளர்ந்து, முறையான பயிற்சிப் படிப்பு எதுவும் இல்லாமல் பயிற்சியாளர் ஆன ஒரு 26 வயது இளைஞருக்கு, மாத்திரை என்பது பிளாஸ்டிக் உறைக்கு அடுத்த படி என்று தோன்றியிருக்கலாம். தண்ணீரோடு உடம்பிலுள்ள உப்புகளும் வெளியேறும், பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதை அறியாமை என்று ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவரிடம் வெயில் மயக்கம் என்று சொன்னது அறியாமை அல்ல. கொடுத்தது தப்பு என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் மறைத்தார். கட்டிலில் கிடக்கும் பையனையும் தன் பெயரையும் எடை போட்டுப் பார்த்து, தன் பெயர் பக்கம் நின்றுகொண்டார். சக பையன் ஒருவன் அழாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆகவே, அவர் திருந்திவிட்டாரா என்று நீங்கள் என்னைக் கேட்டால், அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இந்த ஓராண்டில் அவர் யாரிடமாவது வாய் திறந்தாரா என்று நான் உங்களைக் கேட்பேன். வெளியே தலை காட்டாமல் இருப்பது வெட்கம்தான். ஆனால் வெட்கப்படுவதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல.

இதை எழுதும்போதே, உங்கள் ஊர்ப் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபமும் வருகிறது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டியது யார்? வேன் பிடித்துக் கொடுத்தது யார்? எடைக்கு மேல் இருந்த மூன்று பையன்களை விட்டுவிட்டுக் குறைந்த ஆட்களோடு திரும்பி வந்திருந்தால் அவரை மெச்சியிருப்பார்களா? மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரரை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? நான்கு ஆண்டு கூலியில்லாத உழைப்பை வாங்கிக்கொண்டு, ஒருநாள் சாயங்காலம் கூடி அவரை மட்டும் வெளியே தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடாது.

அவர் திரும்பி வரலாம் என்பதே என் எண்ணம். ஆனால் போன இடத்துக்கே அல்ல. ஆட்டம் சொல்லிக்கொடுக்கட்டும், பையன்களின் எடை, சாப்பாடு, மருந்து இவற்றில் அவருக்கு எந்த அதிகாரமும் வேண்டாம். அதை ஒரு பெற்றோரோ பள்ளி உடற்கல்வி ஆசிரியரோ பார்த்துக்கொள்ளட்டும். ஒருவன் 58 கிலோ இருந்தால் 60 கிலோ பிரிவில் ஆடட்டும், அங்கே தோற்கட்டும். பெண்பிள்ளைகள் அணியை இந்த விவகாரத்தோடு முடிச்சுப்போட வேண்டாம்; அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, நாளைக்கே வேறு ஆளைப் பிடித்துத் தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்பு அந்தப் பையனின் தாயாரைக் கேட்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில், நாலு பெரிய மனிதர்களுக்கு முன்னால், "என்னம்மா, மன்னிச்சிடலாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே அந்த அம்மாவால் தலையாட்டத்தான் முடியும். பயிற்சியாளர் தனியாக அந்த அம்மா வீட்டுக்குப் போய், மருத்துவரிடம் என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டால், இந்த ஆண்டு அவர் வர வேண்டாம்.

பயிற்சியாளர் எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். விழுந்த பையன் வீடு திரும்பிய பிறகு என்ன ஆனான் என்று ஒரு வரி இல்லை. அவன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டானா, இன்னும் கபடி ஆடுகிறானா, மைதானத்துப் பக்கமாவது வருகிறானா? அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இடது கார்னரில் இப்போது யார் நிற்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.