உவெமாட்சு எங்கே இசை படித்தார்?

கேள்வி: எனக்கு 27 வயது. கணக்கர் வேலை. கீபோர்டு நானாகவே வாசித்துப் பழகியது. தேர்வு எதுவும் எழுதியதில்லை. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ விளையாட்டுகளுக்கு இசையமைத்த நோபுவோ உவெமாட்சுவும் முறையாக இசை படிக்காதவர் என்கிறார்கள். வீடியோ கேம்களுக்கு இசையமைக்க ஆசைப்படும் நான், படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். 1959இல் ஜப்பானின் கோச்சியில் பிறந்த உவெமாட்சு, பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜான் பாட்டென்றால் அவருக்கு உயிர். கனகாவா பல்கலைக்கழகத்தில் படித்ததோ ஆங்கிலம். டோக்கியோவில் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தபோது, பின்னாளில் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யை உருவாக்கிய ஸ்குவேர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ‘விளையாட்டுகளுக்கு இசையமைக்க முடியுமா’ என்று கேட்டார். 1986இல் அங்கே சேர்ந்தபோது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

கதையை இங்கேயே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அதற்கு முன்பே அவர் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்திருந்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்திருந்தார். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கக் கையில் சரக்கு இருந்தது.

மீதிப் படிப்பு வேலையில் நடந்தது. 1987இல் முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வெளிவந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவியில், மெட்டுக்கென்று இருந்தவை மூன்றே குரல்கள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் மூன்று தடங்கள். இரண்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவதில் அதுவும் கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் அது பெரும்பாலும் கீழ்சுரத்துக்குப் போய்விடும். தாளத்துக்கு இரைச்சல் போன்ற ஓர் ஒலி. வாத்தியங்களைக் குவித்து மெட்டின் பலவீனத்தை மறைக்க அங்கே வழியே இல்லை. இதைவிடக் கண்டிப்பான வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

அந்த விளையாட்டின் ‘பிரிலூட்’ இசையைக் கேளுங்கள். நம் காதுக்குச் சொல்வதானால் ஸ, ரி, க, ப. இந்த நான்கு சுரங்களே ஸ்தாயி ஸ்தாயியாக ஏறி, அதே வழியில் இறங்கும். அடுத்து த, நி, ஸ, க. அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரு மாதப் பயிற்சி உள்ளவர் வாசித்துவிடலாம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கத் துணிய வேண்டுமே!

பத்தாண்டு கழித்து, 1997இல் வந்த ஏழாம் பாகத்தின் இறுதிப் போருக்கு அவரே லத்தீன் கோரஸ் வைத்தார். அந்த ‘ஒன் விங்டு ஏஞ்சல்’ இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, பிறகு அவற்றை அடுக்கிக் கோத்தார். 2004இல், இணைப்புக்குப் பின் ஸ்குவேர் எனிக்ஸ் ஆகியிருந்த அதே நிறுவனத்திலிருந்து விலகித் தனியே தொழில் செய்யத் தொடங்கினார். அதுவரை பதினெட்டு ஆண்டு மாதச் சம்பளம் வாங்கியவர் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்களும் இப்போதைக்குக் கணக்கு வேலையை விட வேண்டாம்.

பட்டம் தேவையில்லை. ஆனால் சுரக்குறிப்பு எழுதவும் படிக்கவும் ஓர் ஆசிரியரிடம் ஆறு மாதம் உட்காருங்கள். நாளைக்கு ஒரு வயலின் கலைஞர் முன்னால் நிற்கும்போது அது கைகொடுக்கும். 48 அல்லது 72 மணி நேரத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கும் ‘லுடும் டேர்’ போன்ற இணையப் போட்டிகளில், இசை தெரிந்தவரைத் தேடும் குழுக்கள் உண்டு. முதல் வாய்ப்பு அங்கே கிடைக்கலாம். பணம் பேசும் கட்டம் வந்தால், இசையின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘ஃபேமிடிராக்கர்’ என்ற இலவச மென்பொருளை இறக்கி, அந்த மூன்று குரல்களிலேயே ஒரு நிமிடப் போர் இசை எழுதுங்கள். விளையாடுபவர் அதை நூற்றுக்கணக்கான முறை கேட்பார்; முடிவும் தொடக்கமும் சேரும் இடம் தெரியவே கூடாது. அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வருகிறதோ, அந்தச் சுரத்தை மாற்றுங்கள்.