பாறைச் சிப்பியைக் கயிற்றுக்கு மாற்றினால் வளருமா?

கேள்வி: அலை அறையும் பாறையில் எடுத்த மஸல் சிப்பிகள் குட்டையாக, தடித்த ஓட்டுடன் இருக்கின்றன. கழிமுகத்தில் எடுத்தவை நீளமாக, மெல்லிசாக இருக்கின்றன. இவை வேறு வேறு இனமா? பாறைச் சிப்பியை வளர்ப்பு விதையாக எடுத்து, நீரில் தொங்கவிடும் வளர்ப்புக் கயிற்றில் விட்டால் குட்டையாகவே நின்றுவிடுமா?

பதில்: வெளி உருவத்தை மட்டும் வைத்து இனத்தை முடிவுசெய்யாதீர்கள். ஒரே இனமே இடத்துக்கு ஏற்றபடி இப்படி மாறும். சந்தேகம் இருந்தால் ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். பச்சைச் சிப்பி அடங்கிய பெர்னா வகையில், கூர்முனைப் பக்கம் மூடுதசையின் (இரு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை) தழும்பு இருக்காது. நீலச் சிப்பி அடங்கிய மைட்டிலஸ் வகையில் அங்கே சின்னதாக ஒன்று இருக்கும்.

அலை ஓயாத பாறையில் பிடி தளர்ந்தால் கதை முடிந்தது. அதனால் அங்குள்ள சிப்பி பைசஸ் நூல்களை (பிடிப்புக்காகச் சிப்பி சுரக்கும் நூல்கள்) நிறைய விட்டு ஒட்டிக்கொள்கிறது, ஓட்டையும் தடிப்பாக்குகிறது. அதற்குச் செலவாகும் சத்து சதைக்குக் கிடைக்காது. அமைதியான நீரில் இந்தச் செலவு குறைவு, சிப்பி மளமளவென்று நீளும். நெருக்கியடித்து வளர்ந்தாலும் ஒல்லியாக நீண்டுவிடும் என்பதால், நீளமானதெல்லாம் செழிப்பானது என்று நினைத்துவிடாதீர்கள்.

நண்டுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் வாடை நீரில் கலந்தாலே நீலச் சிப்பி ஓட்டைத் தடிப்பாக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 1988 வாக்கில் ஆசிய நண்டு ஒன்று வந்து சேர்ந்தது. அது பரவிய தெற்குப் பகுதிச் சிப்பிகள் அதன் வாடைக்கு ஓட்டைத் தடிப்பாக்கின. அது அப்போது எட்டியிராத வடக்குச் சிப்பிகள் அதே வாடையைக் கண்டுகொள்ளவே இல்லை. 2006-இல் வெளியான ஆய்வு இது. ஆக, எல்லாமே இடத்தின் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. பரம்பரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

சரி, உங்கள் விதைக்கு வருவோம். பாறைச் சிப்பி கயிற்றில் வளரும். ஓடு விளிம்பில்தான் நீள்கிறது என்பதால் பழைய பகுதியின் வடிவம் அப்படியே நிற்க, இடம் மாறிய நாளில் ஒரு கோடு விழும். அதற்கு வெளியே புது ஓடு மெல்லியதாக நீளும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வயதை. பாறையின் மேல்மட்டத்துச் சிப்பிக்கு நீருக்குள் இருக்கும் நேரமும், அதனால் இரை வடிகட்டும் நேரமும் குறைவு. சின்னதாகத் தெரிவது பல வருடக் கிழமாக இருக்கலாம். கூர்முனை தேய்ந்து, ஓடு உப்பி, கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கீழ்மட்டத்தில், விளிம்பு மெல்லியதாக இருக்கும் குஞ்சுகளைப் பொறுக்குங்கள். நூலைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் அறுத்து எடுங்கள். இழுத்தால் உள்ளே நூல் சுரக்கும் இடம் கிழியலாம், அப்புறம் அது கயிற்றைப் பிடிப்பது கஷ்டம்.