பல்கலைக்கழக வளாகக் குப்பையை மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டால் போதாதா?

போதாது. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கும் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களை, இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு கழிவு உருவாக்குவோராக வரையறுத்து, குப்பையைத் தோன்றும் இடத்திலேயே பிரிக்கும் பொறுப்பை அவற்றின்மீதே சுமத்தின.

பிரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? சாம்பார் பட்ட காகிதத்தை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். நெகிழி கலந்த சோற்றிலிருந்து நல்ல உரமும் கிடைக்காது. என் பார்வையில், வேலையை விடுதிச் சமையற்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உணவுக்கழிவில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி என்பதால் அதை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். கரிமம் மிகுந்த இலைச்சருகைச் சேர்த்து, கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமையுமாறு பார்த்துக்கொண்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் அது முறையாக மக்கும். மரங்கள் நிறைந்த வளாகத்தில் சருகுக்குப் பஞ்சமில்லை (அதைத்தான் பல இடங்களில் கூட்டிக் கொளுத்துகிறார்கள், விதிகள் தடுத்தும்கூட).

உலர்ந்த காகிதத்தையும் அட்டையையும் பழைய பொருள் வணிகரே எடுத்துக்கொள்வார். ஆய்வக வேதிப்பொருள்கள், மின்னணுக் கழிவு, மருத்துவக் கழிவு ஆகியவற்றை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அவற்றுக்குத் தனி விதிகளும் அனுமதி பெற்ற தனி நிறுவனங்களும் உண்டு.