பழைய பேப்பர் ஸ்டைல்ல புத்தக அட்டை செட்: கேட்டதுக்கெல்லாம் பதில்

வணக்கம் மக்களே. 1930கள்ல நடக்குற துப்பறியும் கதைகள் ஆறு புத்தகத்துக்கு நான் செஞ்ச அட்டைகளை போட்டிருந்தேன்ல, ஒவ்வொண்ணும் ஒரு நாளிதழோட முதல் பக்கம் மாதிரி இருக்கும், அதைப் பார்த்துட்டு நிறைய பேர் கேள்வி கேட்டிருந்தீங்க. பொறுமையா உக்காந்து ஒண்ணொண்ணா எழுதியிருக்கேன். ஒரே மாதிரி கேட்டதை சேர்த்துட்டேன்.

அண்ணா, நான் நாலு புத்தகம் சேர்ந்த செட் ஒண்ணு பண்றேன். ஒவ்வொண்ணும் தனியா நல்லாதான் இருக்கு, சேர்த்து வச்சா ஒரே குடும்பம் மாதிரி தெரியல. எங்க தப்பு?

தம்பி, நீங்க நாலு அட்டை பண்ணியிருக்கீங்க, ஒரு பேப்பர் பண்ணல. வீட்டுக்கு வர்ற பேப்பரையே பாருங்க, தினமும் செய்தி மாறுது, போட்டோ மாறுது, ஆனா தூரத்துலேர்ந்து பார்த்தாலே எந்த பேப்பர்னு தெரியுதுல்ல? மேல பேர் இருக்குற இடம், அதுக்குக் கீழ தேதிக் கோடு, காலம் (செய்தி ஓடுற பத்தி) அகலம், விளம்பரப் பெட்டி இதெல்லாம் அசையவே அசையாது. அதனால முதல்ல புத்தகத்தை மறந்துட்டு ஒரு கற்பனைப் பேப்பரை உருவாக்குங்க, வரிசையோட பேர்தான் அந்தப் பேப்பரோட பேர், புத்தகத்தோட பேர் அன்னிக்குத் தலைப்புச் செய்தி. பேருக்கு ரெண்டு பக்கமும் சின்னப் பெட்டி இருக்கும்ல, விளம்பரக்காரங்க இயர் பேனல்னு சொல்வாங்க, அதுல ஒண்ணுல தொகுதி எண், இன்னொண்ணுல பதிப்பக முத்திரை. எழுத்தாளர் பேரை "நமது நிருபர்" இடத்துல சின்னதா போட ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா கடையில எழுத்தாளர் பேரைத் தேடிதான் நிறைய பேர் எடுக்குறாங்க, அதனால தலைப்புக்கு நேர் கீழ முழு அகலத்துக்கு ஒரு பட்டையில போட்டேன்.

மாறுறது மூணே மூணு: தலைப்பு, படம், கறுப்போட சேர்த்து அடிக்கிற ரெண்டாவது கலர். தீபாவளி, பொங்கல் மலர்ல பேப்பர் பேரை மட்டும் சிவப்புலயோ பச்சையிலயோ அடிப்பாங்களே, அதுதான் ஐடியா. ஒரு தொகுதிக்கு ஒரு கலர், அவ்ளோதான்.

எட்டு காலம் வச்சா நிஜ பேப்பர் மாதிரி இருக்காதா?

இருக்காது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். டெம்மி அட்டை அஞ்சரை இன்ச் அகலம்தான். முழு பேப்பரை சுருக்கி வைக்காதீங்க, மடிச்சு வச்ச பேப்பரோட மேல் பாதியை மட்டும் கிட்டப் போய் பார்க்குற மாதிரி நினைச்சுக்கோங்க. மூணு காலம் போதும், அதை விடச் சின்ன கிரவுன் சைஸ்னா ரெண்டே போதும்.

இன்னொண்ணு, இங்கிலீஷ் பேப்பர்ல கேபிடல் எழுத்துலயே தலைப்பு போட்டு கனம் காட்டுவாங்க, நமக்கு அந்த வசதி கிடையாது. தமிழ்ல கனம் காட்டணும்னா சைஸ், தடிமன், கோடு இந்த மூணாலதான் முடியும். தலைப்புக்கும் கீழ் வரிக்கும் சைஸ் வித்தியாசம் ரெண்டு மடங்காவது இருக்கட்டும்.

காபி கறை, ஓரம் எரிஞ்ச மாதிரி டெக்ஸ்சர் எல்லாம் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன். எதைப் போடலாம்?

எதையும் போடாதீங்கன்னுதான் சொல்வேன். நியூஸ்பிரிண்ட், அதாவது பேப்பர் அடிக்கிற தாள், மரக்கூழ்ல செய்றது, அதுல இருக்குற லிக்னின்ங்கற மரப்பொருள் வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகுது, அதனால ஓரத்துலேர்ந்துதான் உள்ளே மஞ்சள் ஏறும், மடிப்புல கூடுதலா பழுக்கும். நடுப் பக்கத்துல வட்டமா கறை எப்படி வரும்? அதை விட முக்கியமான விஷயம், அந்தப் பேப்பர் வந்த அன்னிக்குக் காலையில அது மஞ்சளாவே இல்ல, வெளிறின சாம்பல் வெள்ளையா இருந்துச்சு. நீங்க காட்டப்போறது 1935ல திண்ணையில உக்காந்து ஒருத்தர் படிச்ச பேப்பரா, இல்ல இன்னிக்குப் பரண்லேர்ந்து எடுத்ததா? இதை முடிவு பண்ணிட்டுதான் கலரையே தொடணும். நான் முதலாவதை எடுத்துக்கிட்டேன், கதை நடக்குற காலத்துக்குள்ள வாசகர் போகணும்ங்கறதுக்காக. பழசுன்னாலே பழுப்புன்னும் இல்ல. பாரதியார் நடத்தின 'இந்தியா' வாரப் பத்திரிகை சிவப்புத் தாள்ல வந்தது, 1906ல! அந்த மாதிரி ஒண்ணை யாராவது தைரியமா செட்டா பண்ணுங்களேன், பார்க்க அவ்ளோ ஆசையா இருக்கு.

பழமை கறையில வராது, எழுத்துலயும் அச்சுலயும்தான் வரும். ஈய எழுத்து தாள்ல அழுந்தும்போது மை ஓரத்துல லேசா பிதுங்கும், தேஞ்ச எழுத்து கொஞ்சம் மங்கலா விழும். காலம் கோடு ரெண்டு துண்டு சேருற இடத்துல மயிரிழை இடைவெளி தெரியும். இதை மட்டும் கவனமா பண்ணுங்க, கறை தேவையே படாது.

பழைய எழுத்து வடிவம் கண்டிப்பா வேணுமா? இப்ப உள்ள வாசகர்களுக்கு படிக்க வராதேன்னு பதிப்பாளர் பயப்படுறார்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு, அதுல மாறினது 13 எழுத்து: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை. அதுக்கு முன்னாடி லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னாடி சுழிச்சுக்கிட்டு நிக்கும், ணா றா னா எல்லாம் துணைக்கால் தனியா நிக்காம எழுத்தோடவே சுருண்டு கீழ இறங்கும். நான் ரொம்ப வருஷம் முன்னாடி செஞ்ச ஒரு அட்டையில 1931ன்னு தேதி போட்டுட்டு தலைப்புல இன்னிக்கு இருக்குற "லை" வச்சுட்டேன், ஆயிரம் காப்பி அச்சாயிடுச்சு, ஒரு பெரியவர் பதிப்பகத்துக்கு போஸ்ட் கார்டுல எழுதியிருந்தார், "படமெல்லாம் பிரமாதம், ஆனால் எழுத்து பொய் சொல்கிறது" அப்படின்னு. அந்த கார்டை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்.

பதிப்பாளர் பயத்துக்கு வழி இருக்கு. தலைப்புலயும் பேப்பர் பேர்லயும் மட்டும் பழைய வடிவம், பெரிய சைஸ்ல இருக்குறதால யாரும் தடுமாற மாட்டாங்க. முதுகுலயும் பின்னட்டைக் கதைச்சுருக்கத்துலயும் இன்னிக்கு எழுத்தே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, கதை பெரியார் இயக்கத்தைச் சுத்தி நடந்தா கணக்கே மாறும், ஏன்னா அவர் 1935லயே தன்னோட 'குடி அரசு' பத்திரிகையில சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துட்டார். 1940ஆம் வருஷத்து அட்டையா இருந்தாலும் அங்க புது "லை" தான் சரி.

ஃபான்ட்டுக்கு: யூனிகோட்ல பழைய லைக்கும் புது லைக்கும் குறியீடு ஒண்ணுதான், உருவம் ஃபான்ட்டுக்குள்ள இருக்கு. லோகித் தமிழ் கிளாசிக்கல்னு ஒரு இலவச ஃபான்ட் பழைய வடிவத்தோட இருக்கு, ஆனா கோடு ஒரே தடிமனா இருக்கும், தலைப்புக்கு எடுப்பா இருக்காது. அதை அடியில வச்சுக்கிட்டு மேல கையால வரைஞ்சு தடிமன் ஏத்திக்கோங்க. அந்தக் காலத்துல பேப்பர் பேரை ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சு பிளாக் (அச்சுக்கட்டை) எடுத்துதான் அடிச்சாங்க, அதனால கையால வரையறதுதான் முறையும் கூட.

அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்கட ஊர்ப் பின்னணியில மூண்டு நாவலுக்கு இப்பிடி அட்டை செய்யலாம் எண்டு யோசிக்கிறன். எதைக் கவனிக்க வேணும்?

உங்க ஊருக்குப் பத்திரிகை மரபு ரொம்பப் பெருசு தம்பி, உதயதாரகை 1841லயே யாழ்ப்பாணத்துலேர்ந்து தமிழும் இங்கிலீஷுமா வந்தது. அதனால சென்னைப் பேப்பர் மாதிரியைத் தயவுசெஞ்சு காப்பி அடிக்காதீங்க. முக்கியமா விலை! நிறைய பேர் பழசுன்னாலே அணா போட்டுடுறாங்க. இலங்கையில 1872லேர்ந்தே ரூபாய்க்கு 100 சதம், அங்க சதம்தான் வரணும். இந்தியாவுல 1957 ஏப்ரல் வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் நயா பைசா. கொழும்புப் பேப்பர்ல வீரகேசரி 1930லயும் தினகரன் 1932லயும் ஆரம்பிச்சது, நூலகம் இணையதளத்துல ஈழத்துப் பழைய இதழ்கள் நிறைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. நாலு நாள் அதுல உக்காந்து பார்த்துட்டு அப்புறம் கம்ப்யூட்டரைத் திறங்க.

கீழ சின்ன எழுத்துல என்ன போடறது? யாரும் படிக்கப் போறதில்லையே, ஏதாவது டெக்ஸ்ட் காப்பி பேஸ்ட் பண்ணா போதாதா?

படிப்பாங்க! புத்தகத்தைக் கையில எடுத்தவங்க முதல்ல படிக்கிறதே அதைத்தான். ஒரு தடவை கடையில நின்னு பார்த்தேன், ஒரு அம்மா அட்டையில இருந்த "காணவில்லை" விளம்பரத்தைப் படிச்சுட்டு அப்படியே புத்தகத்தைப் பிரிச்சாங்க, அந்தக் காணாமப் போன ஆள்தான் கதையில கொலையானவர். அதனால எழுத்தாளர்கிட்டயோ எடிட்டர்கிட்டயோ கேட்டு கதைக்குள்ள நடக்குறதையே செய்தியா எழுதுங்க, முடிவை மட்டும் சொல்லிடாதீங்க. முதல் தொகுதியில விளம்பரமா வந்த கடை மூணாவது தொகுதியில தீப்பிடிச்ச செய்தியா வந்தா செட்டு தானா ஒட்டிக்கும்.

மொழியும் அந்தக் காலத்துதா இருக்கணும். தலைவர்னு எழுதாதீங்க, அக்கிராசனர். மாநிலம் இல்ல, ராஜதானி. சென்னை வேணும்னா மதராஸ்னும் போடலாம். பெரிய மனுஷங்க பேருக்கு முன்னாடி ம-௱-௱-ஸ்ரீ (மகாராஜராஜஸ்ரீங்கறதோட சுருக்கம்). தேதிக் கோட்டுல தமிழ் வருஷப் பேரும் வரணும், வருஷம் மாசம் தேதிக்குப் பழைய குறியீடு ௵, ௴, ௳ இருக்கு, யூனிகோட்லயே கிடைக்குது. ஆனா கணக்கு சரியா இருக்கணும், 1934 சித்திரையில பிறந்தது பவ வருஷம், 1947ல பிறந்தது சர்வஜித்து, சித்திரைக்கு முன்னாடி மாசம்னா முந்தின வருஷப் பேர் வரும். கிழமையையும் பாத்துக்கோங்க, 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, அதைத் தப்பா போட்டா கண்டுபிடிக்க நம்ம ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

போட்டோவுக்குப் புள்ளி எஃபெக்ட் கொடுத்தேன். ஸ்க்ரீன்ல அருமையா இருந்துச்சு, பிரிண்ட்ல பட்டை பட்டையா அலை மாதிரி வந்துடுச்சு. ஏன்?

உங்க புள்ளி மேல பிரஸ்ஸோட புள்ளி விழுந்து ரெண்டும் மோதிக்கிச்சு. ஆஃப்செட் பிரஸ்ல போட்டோவை எப்படியும் புள்ளியாத்தான் உடைப்பாங்க, நீங்க சாம்பல் சாயலோட கொடுத்தா உங்க புள்ளியையும் சேர்த்து உடைக்கும். அதனால சாம்பலே இல்லாத கறுப்பு வெள்ளையா கொடுக்கணும். போட்டோஷாப்ல கிரேஸ்கேலாக்கி, அப்புறம் பிட்மேப் மோடு, ஆஃப்டோன் ஸ்க்ரீன், ரெசல்யூஷன் 1200, கோணம் 45. பழைய பேப்பர்ல இன்ச்சுக்கு 65லேர்ந்து 85 கோடு (புள்ளி வரிசை) மாதிரி இருக்கும், அட்டையில கண்ணுக்குத் தெரியணும்னா நான் 50க்கே இறக்கிடுவேன். இந்தப் படத்தைத் தனிக் கறுப்புத் தட்டுல (அச்சு பிளேட்ல) மட்டும் விழ வைங்க. சின்ன எழுத்தும் அதே மாதிரி ஒரே கறுப்பு, நாலு கலர் கலந்து கறுப்பு பண்ணா கொஞ்சம் தட்டு விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

கதை 1880களுக்கு முன்னாடின்னா போட்டோவே வேண்டாம், மரச்செதுக்குப் படம் மாதிரி கோட்டோவியம்தான் பொருந்தும். நியூயார்க்ல டெய்லி கிராஃபிக் பேப்பர் புள்ளி முறையில போட்டோ போட்டதே 1880 மார்ச்லதான்.

போட்டோஷாப்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு தனியா, எழுத்து தனியா ஓடுது, என்ன பண்ண?

பழைய வெர்ஷன்னா டைப் செட்டிங்ல டெக்ஸ்ட் எஞ்சினை தெற்காசிய மொழிக்கு மாத்தி விடுங்க, இன்டிசைன்னா பாராகிராஃப் மெனுவுல வேர்ல்டு ரெடி கம்போசர். குறுகலான காலத்துல தமிழ் வார்த்தை நீளமா இருக்குறதால நடுவுல ஓட்டை ஓட்டையா இடைவெளி விழும், அதுக்கு பயப்படாம வார்த்தையை உடைங்க, பழைய பேப்பர்ல எந்த எழுத்துலயும் உடைச்சிருப்பாங்க. மெய்யெழுத்துல மட்டும் அடுத்த வரி ஆரம்பிக்காம பாத்துக்கோங்க.

செட்டை அலமாரியில அடுக்கினா முதுகு ஏறுக்கு மாறா இருக்கு. கலரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொஞ்சம் மாறுது.

முதுகு அகலம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதை ஒண்ணும் செய்ய முடியாது, உயரத்தைப் பிடிச்சுக்கோங்க. மேலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர்ல பேப்பர் பேர், எத்தனைல தொகுதி எண்ணுன்னு ஒரே அளவு. அகலத்தை நீங்களா கணக்குப் போடாம அதே தாள்ல டம்மி (அச்சடிக்காத மாதிரிப் புத்தகம்) கட்டித் தரச் சொல்லி ஸ்கேல் வச்சு அளந்துடுங்க.

கலர் மாறுறது தனித்தனியா அடிச்சதால. முதுகு அரை இன்ச்சுக்குள்ள இருந்தா 23க்கு 36 ஷீட்ல டெம்மி அட்டை ஆறு உக்காரும், இடுக்கமாதான், ஆனா உக்காரும். ஆறையும் ஒரே ஷீட்ல அடிச்சா தாள் நிறம் அவ்வளவா மாறாது. பளபளன்னு கிளாஸி லேமினேஷன் போட்டா பேப்பர் உணர்வே போயிடும், மேட்தான். வெளிச் சட்டக் கோட்டை வெட்டுற ஓரத்துலேர்ந்து 8 மில்லிமீட்டராவது உள்ள தள்ளுங்க, கட்டிங்ல ஒரு மில்லி நகர்ந்தாலும் ஓரக்கோடு காட்டிக் கொடுத்துடும்.

நிஜ பழைய பேப்பரையே ஸ்கேன் பண்ணிப் போடலாமா?

இந்தியாவுல வெளியான போட்டோவுக்கு உரிமை, வெளியான வருஷம் முடிஞ்சதுலேர்ந்து 60 வருஷம். அது தாண்டியிருந்தாலும் இன்னும் நடக்குற பேப்பரோட பேரையும் விக்கிற சோப்பு, தைல விளம்பரத்தையும் தொடாதீங்க, அது வியாபார முத்திரை. பார்த்துக் கத்துக்கலாம், தாராளமா. தரமணியில ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர்ல கன்னிமாரா, வீட்டுலேர்ந்தேன்னா தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம்.

கடைசியா, ஆன்லைன்ல விக்கும்போது அட்டை ஸ்டாம்ப் சைஸ்ல தெரியுது, எல்லாம் சாம்பல் கட்டியா இருக்கேன்னு அக்கா சொல்றாங்க.

உங்க அக்கா சொல்றது சரி. ஃபைலை 150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஃபோன்ல வச்சு கையை நீட்டிப் பாருங்க, புத்தகத்தோட பேரும் ரெண்டாவது கலரும் தெரியணும், மத்தது சாம்பலா தெரிஞ்சா பரவாயில்ல. பேர் தெரியலன்னா செய்திக் காலத்துல பாதியைத் தூக்கிட்டு தலைப்பை மூணு வரிக்கு ஏத்துங்க. ஏத்தினதும் ரெண்டு வெர்ஷனையும் அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்.